ஸ்குவாஷுக்கு மனக்காட்சி வகுப்பு: 160 வெள்ளி கொடுத்துப் போய்ப் பார்த்தேன்

9-9 என்று வந்துவிட்டால் என் பேக்ஹேண்ட் டிராப், அதாவது முன்சுவருக்குப் பக்கத்தில் மெதுவாக விழவைக்கும் அடி, சுவரின் அடியில் இருக்கும் டின்னில்தான் போய் மோதும். தரையிலிருந்து 48 சென்டிமீட்டர்தான் அந்தத் தகடு, பயிற்சியில் அதைத் தாண்டி அடிப்பது எனக்குச் சிரமமே இல்லை, ஆனால் ஆட்டம் நெருக்கமானால் தப்பிவிடும். மனம்தான் காரணம் என்று நினைத்துத்தான், வீட்டருகே சமூக மன்றத்தில் நடந்த மனக்காட்சி வகுப்பில், அதாவது அடியை மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் பயிற்சியில், சேர்ந்தேன். நான்கு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம்.

கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, கோர்ட் காலணி போட்டு, ராக்கெட்டைக் கையில் பிடித்து நிற்க வேண்டும். 2001இல் ஹோம்ஸ், காலின்ஸ் இருவரும் முன்வைத்த பெட்லெப் முறையாம் இது. உடல், இடம், வேகம், உணர்ச்சி எல்லாம் நிஜ ஆட்டம் போலவே இருக்க வேண்டும். பந்து சுவரில் படும் சத்தம், வியர்த்த கைப்பிடி, எதிராளி மூச்சு வாங்குவது, எல்லாவற்றையும் மனத்துக்குள் கொண்டுவந்து, நிஜ வேகத்தில் அடிக்க வேண்டும்.

இரண்டாவது வாரம்தான் நான் கொடுத்த காசு வசூலானது. டிராப்பை எத்தனை முறை நினைத்தாலும் பந்து தெரிகிறது, ராக்கெட் தெரிகிறது, என் கால் மட்டும் தெரியவில்லை. பயிற்றுநரிடம் சொன்னேன். "படத்தில் எது தெரியவில்லையோ, கோர்ட்டில் அதைப் போய்ப் பாருங்க" என்றார். அடுத்த நாள் காலாங் கோர்ட்டில் நண்பரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தால், களைத்த நேரத்தில் வலது காலை முன்வைக்காமலே எட்டி அடிக்கிறேன்! இத்தனை நாள் மனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறையும் உண்டு. வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த ஒலிப்பதிவு ஆங்கிலத்தில், கடலலைச் சத்தத்தோடு, தாலாட்டு மாதிரி மெதுவாக ஓடுகிறது. நிஜ வேகம் வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு இதையா கொடுப்பது? நானே தமிழில் பேசிப் பதிவு செய்துகொண்டேன், 40 விநாடி, வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் கேட்கிறேன். அப்புறம், 12 பேர் அந்த அறைக்கு அதிகம், ராக்கெட்டை முழுதாக வீச இடமில்லை.

இப்போதுதான் ஆடத் தொடங்கியவர்கள் அந்த 160 வெள்ளியைக் கோர்ட்டுக்கும் பயிற்றுநருக்கும் செலவழிக்கலாம். அடி சரியாகப் படியாதவர் மனத்தில் ஓட்டுவதும் தவறான அடியாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு ஆடி, ஒரே அடியில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்பவர் என்றால் தயங்காமல் சேருங்கள், ஒலிப்பதிவை மட்டும் முதல் நாளே அழித்துவிடுங்கள்.