நெட் போனாலும் ரேஸ் நிற்கவில்லை: ஏழு வருடம் ஓடிய என் ஸ்விட்ச்

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர் மகனுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கித் தரப் போகிறார். எதை வாங்கலாம் என்று கேட்டார், டிவியிலும் மாட்டலாம், கையில் தூக்கிக்கொண்டும் ஆடலாம் என்கிற நிண்டெண்டோ ஸ்விட்ச் என்றேன், முகத்தைச் சுளித்தார். "அதுல ஆன்லைன் மட்டம்னு சொல்றாங்களே சார், ஆன்லைன் சரியில்லாம இந்தக் காலத்துல கன்சோலை எவன் வாங்குவான்?" என்றார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதியே விடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2017 மார்ச்சில் வெளிவந்த முதல் ரகம். 2018 கடைசியில் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை நம்புவீர்கள். இந்த முதல் ரகத்தின் டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கிற அந்தப் பெட்டியில், லேன் கேபிள் (நெட் வயர்) செருக இடமே கிடையாது. வேண்டுமென்றால் தனியாக ஒரு அடாப்டர் வாங்கி யூஎஸ்பியில் மாட்ட வேண்டும். 2021 அக்டோபரில் ஓலெட் மாடல் என்கிற புது ரகம் வந்தபோதுதான் டாக்கிலேயே லேன் துளை வைத்தார்கள். வாய்ஸ் சாட் இன்னும் கூத்து. நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகளில் எதிராளியோடு பேச வேண்டும் என்றால் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, அதன் வழியாகப் பேச வேண்டும். டிவியில் விளையாட்டு, காதில் போன் சத்தம். நண்பரைச் சேர்த்துக்கொள்ள பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டு வாங்கித் தட்ட வேண்டும், கேஸ் புக்கிங் நம்பர் மாதிரி. முதல் ஒன்றரை வருடம் ஆன்லைனில் ஆடுவது இலவசமாக இருந்தது, 2018 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு இருபது டாலர் சந்தா. மாரியோ கார்ட் என்கிற வண்டிப் பந்தயம் மாதிரி விளையாட்டுகளில் ரேஸை நடத்த நடுவில் தனி சர்வர் எதுவும் இல்லை, ஆடுகிறவர்களின் கன்சோல்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, அதனால் எங்கோ ஒருவர் வீட்டு வைஃபை தள்ளாடினால் உங்கள் திரையில் அவர் வண்டி அந்தரத்தில் பறக்கும்.

ஆக நண்பர் காதில் விழுந்தது பொய்யில்லை. ஆனால் இந்தக் கன்சோல் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

ஏன் விற்றது என்பதை என் வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அன்று காலையிலேயே நெட் போய்விட்டது. தெருவில் ஏதோ தோண்டியிருக்கிறார்கள், கம்பெனிக்கு போன் போட்டால் பாட்டுதான் வருகிறது. அக்கா பையனுக்குப் பதினாலு வயது, போனில் துப்பாக்கிச் சண்டை போடாவிட்டால் கை நடுங்குகிற ரகம், சோபாவில் செத்த எலி மாதிரி கிடந்தான். என் மகள் ஸ்விட்சை எடுத்து, ஓரத்தில் இருக்கும் ஜாய்கான் என்கிற கைப்பிடி இரண்டையும் 'டக் டக்' என்று உருவினாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்தான், படுக்கவாட்டில் பிடித்தால் அதுவே ஒரு முழு கன்ட்ரோலர். அதாவது பெட்டியோடு வருகிற பொருளிலேயே இரண்டு பேர் ஆடலாம், கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பையன் அவன் ஜாய்கான் ஜோடியை எடுத்து வந்தான், நாலு பேர் ஆயிற்று. நாலாவது ஆள் யார் தெரியுமா, என் அம்மா. அறுபத்தாறு வயது.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஸ்மார்ட் ஸ்டியரிங் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டுக் கீழே விழாது, ஓரத்துக்குப் போனால் தானே திருப்பிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரையும் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். அம்மா செய்ய வேண்டியது ஸ்டிக்கை அசைப்பதும் கிடைத்ததை எறிவதும்தான். முதல் ரேஸில் பன்னிரண்டு வண்டியில் பன்னிரண்டாவதாக வந்தார். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் அவருக்கு நீல ஓடு என்கிற ஆயுதம் கிடைத்தது, கடைசியில் வருகிறவர்களுக்குத்தான் இந்த மாதிரி பெரிய ஆயுதங்கள் அதிகம் வரும். அது என்ன செய்யும் என்று தெரியாமலே பட்டனை அமுக்கினார். அது நேராகப் போய் முதலில் ஓடிக்கொண்டிருந்த அக்கா பையன் தலையில் இறங்கியது, எல்லைக்கோட்டுக்கு நாலு அடி முன்னால். அவன் போட்ட கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். அம்மா "நானா செஞ்சேன்? நானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம். நெட் எப்போது திரும்பி வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இதே மாரியோ கார்ட் 8 தான் 2014-லேயே வீ யூ என்கிற முந்தைய கன்சோலில் வந்தது. அங்கே ஆன்லைனில் ஆட ஒரு பைசா தர வேண்டாம், முழுக்க இலவசம். அங்கே விற்றது 80 லட்சத்துச் சொச்சம், வீ யூ மொத்தமாகவே 1.36 கோடிதான் போனது. அதே விளையாட்டைக் கொஞ்சம் மெருகேற்றி ஸ்விட்சில் போட்டு, ஆன்லைனுக்குக் காசும் வாங்கினார்கள், 6 கோடிக்கு மேல் விற்றது. வீ யூ என்பது புதுக் கன்சோலா, வீ என்கிற பழைய நிண்டெண்டோ கன்சோலுக்கு ஒரு துணைக்கருவியா என்று பாதிப் பேருக்குப் புரியவே இல்லை, அது ஒரு காரணம். கன்சோலை விட்டுத் தூரம் போனால் அதன் கைத்திரை வேலை செய்யாது, அது இன்னொன்று. ஆன்லைன் எப்படி என்பது அந்தக் கணக்கில் வந்ததாகவே தெரியவில்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகலாம், பழைய கன்சோல் பைத்தியம் எனக்கு உண்டு. சேகா கம்பெனி 1998-ல் ஜப்பானில் ட்ரீம்காஸ்ட் கன்சோலை இறக்கியபோது அதன் முதுகிலேயே டயல்அப் மோடம் இருந்தது. போன் வயரைச் செருகினால் இணையம். 2000 டிசம்பரில் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் என்ற விளையாட்டு வந்தது, வேறு வேறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ராட்சசனை அடித்தார்கள், கன்சோலில் அன்றைக்கு அது மந்திரம். மூன்றே மாதத்தில், 2001 மார்ச்சில், ட்ரீம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். விற்றது 91 லட்சம்தான். கையில் பணமில்லை, முந்தைய கன்சோலான சாட்டர்னில் கடைக்காரர்களின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள், பெரிய விளையாட்டுத் தயாரிப்பாளரான இஏ கம்பெனி ட்ரீம்காஸ்ட்டுக்கு விளையாட்டே செய்து தரவில்லை, போதாததற்கு டிவிடி ஓடும் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வாசலில் நின்றது. காலத்துக்கு முந்திய அந்த மோடத்தால் இதில் ஒன்றைக்கூடச் சரிக்கட்ட முடியவில்லை.

அந்த பிளேஸ்டேஷன் 2 முதலில் வந்தபோது ஆன்லைனுக்கான அடாப்டர் பெட்டியிலேயே இல்லை, பிறகு தனியாக விற்றார்கள். போனது 15 கோடிக்கு மேல். அதே சமயம் மைக்ரோசாஃப்ட் தன் முதல் கன்சோலான எக்ஸ்பாக்ஸில் லேன் துளையும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே வைத்து, 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையைத் தொடங்கி, 2004-ல் ஹேலோ 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டையும் கொடுத்தது. கன்சோல் ஆன்லைன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியதே அதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விற்றது சுமார் 2.4 கோடி. ஆன்லைனை ஏறக்குறையத் திரும்பியே பார்க்காத நிண்டெண்டோ கேம்க்யூப் 2.17 கோடி. இவ்வளவுதான் வித்தியாசம்! மைக்ரோசாஃப்ட் அன்று விதைத்ததை அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-ல்தான் அறுத்தது. ஆனால் அந்தச் சுற்றிலும் அதிகம் விற்றது கையை வீசி டென்னிஸ் ஆடிய நிண்டெண்டோவின் வீதான், 10 கோடிக்கு மேல். அதோடு வந்த வீ ஸ்போர்ட்ஸில் ஆன்லைன் போட்டியே கிடையாது. 2014 மே மாதம் வீயின் ஆன்லைன் ஆட்டத்தை மூடிவிட்டார்கள், ஆனாலும் இன்றைக்கு ஒரு பழைய வீயைத் தூசி தட்டி மாட்டினால் பவுலிங் அப்படியே ஓடும்.

அதற்காக ஆன்லைன் வெட்டி என்று சொல்ல மாட்டேன். நான் கட்டிய இருபது டாலர் ஒரே ஒரு வருடம் முழுசாக வசூலானது, அது 2020. மார்ச் 20 அன்று, ஆளுக்கொரு தீவு வைத்துக்கொண்டு ஆடுகிற அனிமல் கிராசிங் வந்தது, நாலைந்து நாளில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் ஈ காக்கை இல்லை. மகளும் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பெண்ணும் ஒருத்தி தீவுக்கு இன்னொருத்தி விமானத்தில் போய் வந்தார்கள், போகும்போது பழம் பறித்துக்கொண்டு போவாள், வரும்போது ஒரு நாற்காலியோடு வருவாள், நம் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற அதே முறைதான். விளையாட்டுக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமை டர்னிப் கிழங்கு வாங்கி, வாரத்துக்குள் விலை ஏறிய தீவைத் தேடிப் போய் விற்கிற வியாபாரத்தில் நானும் இறங்கினேன், நஷ்டம். அந்த மாதங்களில் ஆன்லைன் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பெட்டி பரணுக்குப் போயிருக்கும். அணி பிரிந்து மையைப் பீய்ச்சி மோதுகிற ஸ்ப்ளட்டூன் மாதிரி விளையாட்டுகளுக்கும் உயிரே ஆன்லைன்தான், தனியாக ஆடும் பகுதி இருந்தாலும் யாரும் அதற்காக வாங்குவதில்லை.

ஆன்லைன் மேல் மொத்த பாரத்தையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஹேக்கர்கள் புகுந்தபோது அது மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நெட்டில் தலைகாட்ட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள், ஜனங்கள் கொதித்த கொதிப்பில் விற்பனைக்கு வருமுன்பே அதைக் கைவிட்டார்கள்.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? பையனிடமே ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன், உன் சினேகிதர்கள் எதில் என்ன ஆடுகிறார்கள் என்று. எல்லோரும் பிளேஸ்டேஷனில் ராத்திரி ஹெட்செட் மாட்டி கால்பந்து ஆடுகிற கோஷ்டி என்றால் அவனுக்கு ஸ்விட்ச் வாங்கித் தருவது பாவம், அதை மட்டும் வாங்கித் தந்துவிடாதீர்கள். ஃபோர்ட்நைட் என்கிற துப்பாக்கிச் சண்டை போதும் என்றால் அது ஸ்விட்சிலும் இருக்கிறது, அதற்கு நிண்டெண்டோ சந்தாகூட வேண்டாம். தங்கச்சியோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் ஆடுகிறவன் என்றால் யோசிக்கவே வேண்டாம். வாங்குவதானால் ஓலெட் மாடல், திரையும் பெரிது, பின்னால் தாங்கி நிற்கிற கால் அகலமாக உறுதியாக இருக்கும், என்னுடைய முதல் ரகத்தில் அது ஒரு விரல் அகலப் பிளாஸ்டிக் துண்டு. கையில் காசு தாராளம் என்றால் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2. அதில் ஒரு பட்டனை அமுக்கினால் கன்சோலிலேயே பேசலாம், போன் ஆப் வேண்டாம். எட்டு வருடம் கழித்தாவது உறைத்ததே. ஸ்விட்ச் லைட் என்கிற சின்ன மாடலை மட்டும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வாங்காதீர்கள், டிவியில் மாட்ட முடியாது, கன்ட்ரோலரைக் கழற்றவும் முடியாது, இவ்வளவு நேரம் நான் புகழ்ந்த விஷயமே அதில் இல்லை.

என் சந்தா முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, நான் புதுப்பிக்கவில்லை. வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. போன வாரம்தான் மகள் வந்து ஏதோ ஓடமாட்டேன் என்கிறது என்றாள். என்னவென்று போய்ப் பார்த்தால், சந்தாவோடு சும்மா தருகிற எண்பதுகளின் பழைய மாரியோ.