மின்னஞ்சல் வரவில்லை என்று கணினியைக் கடைக்குக் கொண்டுபோகுமுன்

கொழும்பு புறக்கோட்டையில் செத்தல் மிளகாயும் பருப்பு வகைகளும் இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் 11 வருடங்களாகக் கணக்குப் பார்த்து வருகிறேன். சென்ற மாதம் எங்கள் காரியாலயக் கணினியின் அவுட்லுக்கில் மின்னஞ்சல் வருவது நின்றுபோனது. அதைத் திருத்தித் தருவதாகச் சொன்ன பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடை ஒன்று 27,500 ரூபாவை வாங்கிக்கொண்டு, கோளாற்றைத் தொடாமலே விட்டதோடு, எங்கள் பழைய கடிதப் போக்குவரத்தின் பெரும்பகுதியை இல்லாமற்செய்தும் விட்டது. இன்னொரு காரியாலயத்துக்கு இது நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. நாளொன்றுக்கு இருபத்தைந்து மடல்களாவது வந்துசேரும் பெட்டியில் சனிக்கிழமை மாலைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நாங்கள் அனுப்புபவை வழமைபோல் போய்க்கொண்டிருந்தன; திரையில் பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. கடையில் இருந்த இளைஞர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வன்தட்டு பழுதாகிவிட்டது, அதனால்தான் மடல்கள் இறங்கவில்லை என்றார். மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டு, வேலைச் சீட்டின் மேல் மூலையில் நீலப் பேனையால் எழுதிக்கொண்டார். "எல்லாத்தையும் பேக்கப் எடுத்துத்தான் மாத்துவம், அண்ணன் பயப்பட வேண்டாம்" என்ற அவருடைய சொல்லை நான் நம்பினேன்.

இரண்டு நாட்கள் கழித்துப் போனபோது, அவர் என் கண்முன்னே அவுட்லுக்கைத் திறந்து காட்டினார். கீழ்ப்பட்டையில் எண்கள் ஓட, மடல்கள் நூறு நூறாக வந்து விழுந்தன. பார்த்த எவரும் கோளாறு தீர்ந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். நானும் அப்படியே எண்ணிப் பணத்தைக் கொடுத்தேன். காரியாலயத்துக்கு வந்து ஆறுதலாகப் பார்த்தபோதுதான், வந்து விழுந்தவை எல்லாம் பழைய மடல்கள் என்பதும், கடைசி மடலின் திகதி அதே சனிக்கிழமைதான் என்பதும் தெரிந்தது. எங்கள் கணக்கு பாப் முறையில் இயங்குவது; அதாவது, மடல்களை மின்னஞ்சல் சேர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. முதலாளியின் கைபேசியிலும் மடல்களைப் பார்க்கவேண்டும் என்று, இறக்கிய மடலின் பிரதியைச் சேர்வரிலேயே விட்டுவைக்கும்படி இரண்டு வருடங்களுக்கு முன் நானே அமைத்திருந்தேன். புதிதாக நிறுவிய அவுட்லுக்குக்கு எது ஏற்கனவே இறக்கப்பட்டது என்று தெரியாததால், அங்கே கிடந்த பிரதிகள் அனைத்தையும் அது மீண்டும் இறக்கியது. அந்த வேலையைச் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்; உங்கள் இணைய இணைப்பில்தான் பிழை என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மைக் காரணம் வியாழக்கிழமை தானாகவே வந்தது. எங்கள் கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாகவும், அதற்கான அறிவித்தல் மடல், பெட்டி நிரம்பிவிட்டது என்ற குறிப்போடு திரும்பி வந்ததாகவும் கப்பல் முகவர் தொலைபேசியில் சொன்னார். உடனே எங்கள் மின்னஞ்சல் முகவரியின் டொமைனையும் பெட்டியையும் வைத்திருக்கும் நிறுவனத்தை அழைத்தேன். அங்கிருந்த பெண், பிரவுசர் வழியாக வெப்மெயிலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்: எங்களுக்கு ஒதுக்கிய 2 ஜீபீ இடமும் நிரம்பி, ஓரத்துப் பட்டை முழுச் சிவப்பாக நின்றது. ஏற்கனவே கணினியில் இறங்கியிருந்த மிகப் பழைய பிரதிகள் சிலவற்றைச் சேர்வரிலிருந்து அழித்ததும், இரண்டு நிமிடத்துக்குள் முதல் மடல் வந்துவிட்டது. இதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை. இடைப்பட்ட நாட்களின் மடல்களில் சில தாமதமாக வந்துசேர்ந்தன, ஏனென்றால் அனுப்பும் சேர்வர்கள் பல சில நாட்களுக்கு மீண்டும் மீண்டும் முயற்சி செய்யும். ஒரேயடியாகத் திருப்பி அனுப்பப்பட்டவை வரவேயில்லை. கொள்கலனுக்கு மூன்று நாள் தாமதக் கட்டணம் கட்டினோம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. அவுட்லுக் பாப் கணக்கின் மடல்களை பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறது. 2010 பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு வழக்கமாக ஆவணங்கள் கோப்புறைக்குள் இருக்கும். எங்களுடையது 2007 பதிப்பில் தொடங்கியது என்பதால், ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருந்தது. கடைக்காரர்கள் ஆவணங்களையும் டெஸ்க்டொப்பில் இருந்தவற்றையும் மட்டும் பிரதியெடுத்திருக்கிறார்கள். சேர்வரில் கடைசி இரண்டு வருடங்களுக்கு வந்தவை மட்டுமே மிஞ்சின. அதற்கு முந்தியவையும், நாங்கள் எழுதி அனுப்பிய மடல்கள் அத்தனையும், விலைக் கேள்விகளும் ஒப்புதல்களும் போய்விட்டன. பழைய வன்தட்டைத் திருப்பித் தாருங்கள் என்று நேரில் போய்க் கேட்டபோது, வீசியாச்சு என்றார்கள். வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கு இலக்கங்கள் அடங்கிய தட்டு அது. பற்றுச்சீட்டிலோ "கணினி திருத்தம்" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவுமில்லை.

ஆகவே மடல் வருவது நின்றால், கணினியைக் கழற்றுமுன் வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மடல் அனுப்பி, அதை வெப்மெயிலில் தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கணினிக்கு வெளியே இருக்கிறது. முதலில் இட அளவைப் பாருங்கள். ஜிமெயில் இலவசக் கணக்கின் 15 ஜீபீ இடத்தைப் படங்களும் டிரைவ் கோப்புகளும் சேர்ந்தே நிரப்பும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மடல் அங்கே இருந்து அவுட்லுக்கில் மட்டும் இல்லையென்றால், அவுட்லுக்கை இணைப்பிலிருந்து துண்டிக்கும் வேர்க் ஆஃப்லைன் என்ற பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம், கடவுச்சொல் மாறியிருக்கலாம், அல்லது மடல்களை வேறு கோப்புறைக்கு நகர்த்தும் விதி ஒன்று இருக்கலாம். பழைய மென்பொருளில் ஜிமெயிலோ அவுட்லுக்.கொம் முகவரியோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் தனிப்பட்ட கணக்குகளுக்கு நிறுத்தத் தொடங்கியது, மைக்ரோசொஃப்ட் 2024 செப்டெம்பர் 16 இல் நிறுத்தியது. இவற்றில் எதற்கும் வன்தட்டை மாற்றத் தேவையில்லை. கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், பிஎஸ்டி கோப்பை நீங்களே வெளித்தட்டு ஒன்றில் எடுத்துக்கொண்டு, கழற்றும் பாகங்களைத் திருப்பித் தருவதாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்ற மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். விவரங்களுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சீட்டில் எழுதப்பட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டேன்.

இழந்த மடல்களுக்காக, எங்களோடு பல வருடங்களாக வியாபாரம் செய்பவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். தூத்துக்குடி வியாபாரி ஒருவர், நாங்கள் 2016 முதல் தமக்கு அனுப்பிய மடல்களைத் தம் பெட்டியில் தேடியெடுத்து, 46 மடல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.