ஃப்ளைட்கியரில் புரொப்பெல்லர் கணக்கு: நம்பலாமா?

பம்ப் இம்பெல்லரோட விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே மோட்டார் எக்கச்சக்கமா ஆம்பியர் இழுக்கும். கோயமுத்தூர் பம்ப் பட்டறைக்காரங்களுக்கு இது அத்துப்படி. விமானப் புரொப்பெல்லருக்கும் அதே விதிதானுங்க: பவர், சுற்று வேகத்தோட மும்மடியிலும் விட்டத்தோட ஐந்தாம் படியிலும் ஏறும். கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டிப் பார்க்கிற இலவச மென்பொருள்தான் ஃப்ளைட்கியர். அதுல விமானம் பறக்கிற கணக்கைப் போடற பகுதியான ஜேஎஸ்பிசிம் இந்தக் கணக்கை ஒளிக்காம ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல வெச்சிருக்கு. அதுதான் இதோட பெரிய பலம்.

ஃபைலோட உயிர் ரெண்டு பட்டியல்: இழுவிசைக்கு ஒண்ணு, பவருக்கு ஒண்ணு. ஒரு சுற்றுக்கு விமானம் எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்து, அதை விட்டத்தால வகுத்தா வர்ற எண்ணை வெச்சு ஜேஎஸ்பிசிம் பட்டியலைப் படிக்கும். செஸ்னா 172பி-ங்கிற சின்ன விமானத்தோட புரொப்பெல்லர் விட்டம் 75 அங்குலம். 2400 ஆர்பிஎம், 110 நாட் வேகம்னா ஒரு சுற்றுக்கு 1.41 மீட்டர், வகுத்தா 0.74.

தப்பு நடக்கிற முதல் இடம் விட்டம். அலகு அங்குலம்னு போடாம விட்டா 75 அடின்னு எடுத்துக்கும். 12-இன் ஐந்தாம் படி ஏறக்குறைய ரெண்டரை லட்சம். அத்தனை மடங்கு சுமையில இன்ஜின் ஓடவே ஓடாது. அடுத்தது பட்டியலோட கடைசி வரி. பட்டியல் முடிஞ்சா கடைசி மதிப்பையே பிடிச்சுக்கும். அது நேர் எண்ணா இருந்தா, மூக்கைக் கீழே இறக்கி எவ்வளவு வேகத்துல போனாலும் புரொப்பெல்லர் இழுத்துட்டே இருக்கும், பிரேக் பிடிக்காது. ரெண்டு பட்டியலையும் மைனஸ் வரைக்கும் கொண்டு போகணும். பி-ஃபாக்டர்ங்கிறது, மூக்கு மேல தூக்கியிருக்கும்போது புரொப்பெல்லரோட ஒரு பக்கம் மட்டும் கூடுதலா இழுக்கிறது. அந்த வரியை விட்டா பூஜ்யம்னு எடுத்துக்கும். ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கிறதுல அந்தப் பங்கு வராது. சுழல் நிலைமம் (சுற்று வேகம் மாறாம தடுக்கிற குணம்) கம்மியா போட்டா ஆர்பிஎம் முள் துள்ளும்.

பீளமேடு ஓடுபாதையில சோதிச்சுப் பார்க்கலாம். கடல்மட்டத்துக்கு மேல சுமார் 400 மீட்டர். வெப்பநிலை 35 டிகிரி வெச்சா காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்து வழக்கமான மதிப்பான கன மீட்டருக்கு 1.225 கிலோவிலிருந்து 1.09-க்கு இறங்கும். நின்ன இடத்துல முழு த்ராட்டில் கொடுத்தா ஆர்பிஎம் கொஞ்சம்தான் குறையும், ஏன்னா இன்ஜின் பவரும் புரொப்பெல்லர் சுமையும் சேர்ந்தே இறங்குது. ஆனா இழுவிசை பத்துல ஒரு பங்குக்கு மேல போயிடும், ஓட்டம் நீளும். இதை ஃப்ளைட்கியர் சரியா காட்டுது.

காசு கொடுத்து வாங்கற இன்னொரு விமான மென்பொருளான எக்ஸ்-பிளேன், புரொப்பெல்லர் இறக்கையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வடிவத்திலிருந்தே கணக்கிடும். பட்டியல் கிடைக்காத புரொப்பெல்லருக்கு அதுதான் சௌகரியம்.