சுவரில் மாட்டுவதா, சுருட்டி வைப்பதா?

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி. மின்சாரக் காரில் சார்ஜ் கேபிளின் கன்னைச் செருகிவிட்டு மாடிக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கேபிள் நடுவில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு, பேட்டரி ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம். கேபிள் போய்விட்டது என்றே முடிவு கட்டி, புதுசு வாங்குவதா, சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜ் பெட்டியான வால்பாக்ஸே மாட்டிவிடுவதா என்று விலை விசாரிக்கத் தொடங்கினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அதே கேபிளை வேறொரு வீட்டில் செருகிப் பாருங்கள். பெரம்பூரில் மச்சான் வீட்டில் செருகினேன். பச்சை விளக்கு! அப்படியென்றால் கோளாறு என் வீட்டில். வயர்மேன் அண்ணன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் வரும் பேஸுக்கும் அது திரும்பும் நியூட்ரலுக்கும் நடுவில் 228 வோல்ட், சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் பரவாயில்லை. இங்கே 38. தாத்தா காலத்து வீடு. எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். குழாயை பிவிசிக்கு மாற்றினபோது எர்த்தை யாரும் நினைக்கவில்லை. "ஒயரு கீது சார், மண்ணுதான் இல்ல" என்றார். எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று அந்தப் பெட்டி அடம்பிடிப்பது நம் உயிருக்காக.

இங்கே ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது. எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து லூப் போட்டால் பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். தயவுசெய்து வேண்டாம். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்கக் கரண்ட் வரும், பிள்ளைகள் கதவைத் தொடுவார்கள். நான் புதிதாக எர்த் குழி தோண்டி, செம்பு பூசிய ராடு இறக்கினேன். 38 வோல்ட் இரண்டுக்கு வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எர்த் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஏறி நின்றது. மச்சான் வீட்டில் விட்டு வைத்துப் பார்த்ததிலும் அதே கதை. பிளக்கைக் கழற்றினால் கை வைக்க முடியாத சூடு. மூன்று பின்னில் ஒன்று கறுத்து, அடியில் பிளாஸ்டிக் இளகி, பக்கத்தில் பச்சைக் களிம்பு. பிளக் சூடு மிஞ்சினால் நிறுத்தச் சொல்லும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. அதுதான் நிறுத்தியிருக்கிறது. ஆக, கேபிளிலும் கோளாறு உண்மைதான். பிளக்கை வெட்டி வேறு பிளக் போட்டுத் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அந்தச் சென்சாரும் வெட்டோடு போய்விடும் என்பதால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது நிஜமாகவே இரண்டில் ஒன்று. வால்பாக்ஸ், இல்லை இன்னொரு கையடக்கக் கேபிள்.

முதலில் வேகம். இரண்டுமே உண்மையில் சார்ஜர் கிடையாது, வாசற்காவலாளி மாதிரி. இத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்று காருக்குச் சொல்லி கரண்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் 7.2 மாட்டியும் 3.3தான் ஏறும். 2020-ல் வந்த டாடா நெக்ஸான் ஈவி காரில் 3.3தான், 2022-ல் வந்த நெக்ஸான் ஈவி மேக்ஸில்தான் 7.2 தேர்வு வந்தது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பாருங்கள். என் வண்டியில் 7.2 இருக்கிறது. ஆனால் அம்பத்தூர் போய்வர நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், ஆறு யூனிட் போதும். சாதா கேபிளில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். விடிய விடிய வண்டி சும்மாதானே நிற்கிறது?

செலவு சொல்லவே வேண்டாம், வால்பாக்ஸ்தான் அதிகம். தனியாக 32 ஆம்பியர் லைன், தடித்த ஒயர், மின் இணைப்பில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பம் என்று வரிசையாக வரும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. உப்புக்காற்றும் பராமரிப்பும். ஒயர் நடுவில் கெடுவது அபூர்வம். கெடுவது இரண்டு உலோகம் சேருகிற இடத்தில். அங்கே களிம்பு ஏறி 0.1 ஓம் தடை வந்தாலே, 15 ஆம்பியர் ஓடும்போது 22 வாட் சூடு கிளம்பும். ரிச்சி தெருவில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் செருகி மணிக்கணக்கில் விட்ட மாதிரி. அதே இடத்தில் 32 ஆம்பியர் ஓடினால் 100 வாட்டைத் தாண்டும். கரண்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு.

நியாயமாகச் சொன்னால், வால்பாக்ஸில் சாக்கெட்டில் செருகும் பிளக்கே கிடையாது. ஸ்குரூ போட்டு முறுக்கிய டெர்மினல், புதுசில் பிளக்கைவிட எவ்வளவோ மேல். பெரம்பூரில் ஆபீஸ் நண்பர் இரண்டு வருடமாக வைத்திருக்கிறார், ஒரு புகார் இல்லை. நான் சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரம்பூர் வேறு, காசிமேடு வேறு. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி இரண்டு மழைக்குத் தாங்காது, ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் பொரிந்து உதிரும். அந்த டெர்மினல் மூடிக்குள் இருப்பதால் அங்கே களிம்பு ஏறுவது கண்ணில் படாது. வருடம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு, திறந்து, இறுக்கிப் பார்க்க வேண்டும். ஆள் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

கேபிளில் கெடக்கூடிய இடம் என் கையில் இருக்கிறது. அதனால் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கோடு வந்த கார் கம்பெனி தராத, வேறு கம்பெனிக் கேபிள் ஒன்றை வாங்கினேன். மூன்று பின் சாக்கெட் நாள்கணக்கில் முழு லோடு தாங்குவதற்கான பொருள் இல்லை. நீல சாக்கெட் அதற்கென்றே செய்தது. நான் வாங்கியது ஐபி67 வகை, வளையத்தைத் திருகிப் பூட்டினால் ஈரம் உள்ளே போகாது. போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், கரண்ட் மிஞ்சினால் தானே விழும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி. ஆம்பியரைக் குறைத்து வைக்கும் பட்டன் கேபிளிலேயே இருக்கிறது. தினமும் 13 ஆம்பியரில் வைக்கிறேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் மாதம் ஒரு ஞாயிறு. எம்சிபியை இறக்கி, பிளக்கைக் கழற்றி, பின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். பித்தளை மங்கியிருந்தால் துணியில் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைப்பேன். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் முதுகில் உள்ளங்கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு என்றால் சரி. கை எடுக்கத் தோன்றினால் அன்றைக்குச் சார்ஜ் நிறுத்தம். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட எடுக்கத் தோன்றவில்லை. எட்டு மாதம் என்பது இந்தக் கடலுக்கு ஒன்றுமே இல்லை, ஒரு ஐப்பசி கார்த்திகைதான் பார்த்திருக்கிறது.

தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, காரில் 7.2 இருந்து, வீடு கடலிலிருந்து தள்ளி இருந்தால் நானே வால்பாக்ஸ்தான் போடச் சொல்வேன். எங்கள் தெருவிலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. இந்த முறை புயல் எச்சரிக்கை வந்த அன்று எம்சிபியை இறக்கினேன், கேபிளைச் சுருட்டி மாடியில் பீரோ மேல் வைத்தேன். அம்மா மட்டும், சூட்கேஸ் வைக்க இருந்த இடம் போச்சே என்றார்.