ஜிபிஎஸ் ரிசீவர்: ஒற்றை அலைவரிசையா, இரட்டையா?

நிலம் அளக்க ரிசீவர் வாங்குபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. பூமியின் காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதை ஒட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் (எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் மேல் வளிமண்டல அடுக்கு) சிக்னலை அதிகம் பாதிக்கும் என்பதால், நம் தென்மாவட்டங்களில் அதை மறந்துவிட்டு முடிவெடுக்கவே கூடாது.

விலை: ஒற்றை மலிவு. இரட்டைக்குக் கூடுதல் செலவு.

பகல் நேரப் பிழை: மேலே உள்ள எலக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்தும். ஒற்றை (செயற்கைக்கோள் அனுப்பும் எல்1 அலைவரிசை மட்டும், 1575.42 மெகாஹெர்ட்ஸ்) ஒரு தோராயக் கணக்கை வைத்து ஏறக்குறைய பாதியைத்தான் சரிசெய்யும், மீதி சில மீட்டர் பிழையாக நிற்கும். இரட்டையில் கூடுதலாக வரும் எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) வேறு அளவில் தாமதமாகும், அந்த வித்தியாசத்தை வைத்தே பிழையைக் கிட்டத்தட்ட முழுசாகக் கழித்துவிடும்.

இருட்டிய பிறகு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளாஸ்மா குமிழிகள் (அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்துபோன பகுதிகள்) எழும்பும்போது திரையில் சிக்னல் பட்டைகள் ஏறி இறங்கி, சில செயற்கைக்கோள்கள் சட்டென்று காணாமலே போகும். இரண்டுமே தடுமாறும், அதிர்வெண் குறைவு என்பதால் எல்5 இன்னும் அதிகமாகவே ஆட்டம் காணும்.

வழி தேட மட்டும் என்றால் ஒற்றை போதும். எல்லைக்கல் ஊன்ற, டிரோன் ஓட்ட என்றால் கண்டிப்பாக இரட்டை, அப்புறம் இந்தக் குமிழிகள் அதிகம் எழும்பும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் வேலையைப் பொழுது சாயும் முன்பே முடித்துவிடுங்கள்.