ஸ்குவாட், டெட்லிஃப்ட் தொடங்க ‘முழு செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: முதலில் எடை போடுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டிலேயே பளு தூக்கிப் பழகுகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. டம்பெல், தண்டால் என்று மேலுடம்புக்கு மட்டுமே செய்துவந்தவர்கள் காலுக்கும் இடுப்புக்கும் ஸ்குவாட் (பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பளுவைக் கையால் பிடித்துத் தூக்கி நிமிர்வது) சேர்க்க நினைக்கும்போது இந்த ‘முழு செட்’ விளம்பரம் சரியாகக் கண்ணில் படும். 20 கிலோ ஒலிம்பிக் பார் (தட்டுகளை மாட்டும் நீளக் கம்பி), 80 கிலோ தட்டுகள், ஸ்குவாட் ஸ்டாண்டு, கூடவே இலவசமாக ஒரு பயிற்சி சார்ட். பணத்தை முழுவதும் முன்பே கட்டிவிட வேண்டும். மேட்டுப்பாளையம் பார்சல் ஆபீஸ் வரைதான் விற்பவர் பொறுப்பு, அதற்கு மேல் மலையேற்றும் வண்டிக்கூலி வாங்குகிறவர் தலையில். திருப்பி அனுப்பினாலும் அதே கூலி இன்னொரு முறை. மலைக்காரர்கள் குறையைப் பார்த்த பிறகும் பேசாமல் இருந்துவிடுவது இதனால்தான்.

அப்படி வந்திறங்கிய ஒரு செட்டைப் பச்சைத் தேயிலை எடை போடும் மின்தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.

‘20 கிலோ’ பார் 10.3 கிலோ இருந்தது. இதைக் கண்டுபிடிக்கத் தராசுகூட வேண்டாம், கட்டட வேலைக்காரர்கள் கம்பிக்குப் போடும் கணக்கே போதும். விட்டத்தை மி.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 28 மி.மீ. கம்பிக்கு 4.84 கிலோ. 7 அடி என்றால் 2.13 மீட்டர், மொத்தம் 10.3. உண்மையான 20 கிலோ ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம் இருக்கும். கைபிடிக்கும் இடம் 28 மி.மீ., தட்டு மாட்டும் இரு முனைகளும் 50 மி.மீ. தடிமன், அந்த முனைகள் தனியாகச் சுழலும். மீதி எடை அங்கேதான் இருக்கிறது. முனையிலிருந்து முனைவரை ஒரே தடிமனில் இருப்பது வெறும் ராடு. விளம்பரப் படத்தில் தட்டின் நடுத்துளையைப் பாருங்கள், 50 மி.மீ. இல்லையென்றால் அது ஒலிம்பிக் பார் ஆகாது.

‘10’ என்று அச்சடித்த தட்டுகளில் நான்கின் எடை 9.4, 9.1, 8.8, 8.3. சார்ட்படி 60 கிலோ ஏற்றியதாக நினைத்தால் முதுகில் இருப்பது 45.9. குறைவாகத் தூக்கினால் ஆபத்தில்லையே என்று தோன்றலாம். ஆனால் அதே ஆள் கோவையில் நல்ல ஜிம் ஒன்றுக்குப் போய் ‘என் வழக்கமான 60’ என்று மாட்டினால், பழகியதைவிட 14 கிலோ அதிகம் தோளில் இறங்கும். அதைவிட மோசம், இடமும் வலமும் ஒத்துப்போகாதது. 9.4ம் 9.1ம் ஒரு பக்கம், 8.8ம் 8.3ம் மறுபக்கம் மாட்டிவிட்டால் 1.4 கிலோ வித்தியாசம். எழும்போது உடம்பு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

விற்றவரிடம் கேட்டபோது, ‘மலையில் எடை குறைவாகத்தான் காட்டும்’ என்றார். உயரம் கூடினால் ஈர்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் ஊட்டி உயரமான 2,240 மீட்டரில்கூட 100 கிலோவுக்கு 100 கிராம் குறையாது. பாரில் 10 கிலோ காணாமல் போவதற்கு இது பதில் இல்லை.

அந்த 80 கிலோவில் ஆறு பத்தும் நான்கு ஐந்தும் மட்டுமே இருந்தன. பாரின் இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும் என்பதால் மிகச் சிறிய படியே 10 கிலோ. 30 தூக்குகிறவர் அடுத்து 40க்குத் தாவ வேண்டும், மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். 1.25 கிலோ தட்டு இரண்டு, 2.5 கிலோ தட்டு இரண்டு இல்லாத செட்டைத் தொடக்கக்காரர் வாங்கவே கூடாது.

டெட்லிஃப்டுக்குத் தட்டின் விட்டமும் முக்கியம். முறையான பெரிய தட்டு 45 செ.மீ.; பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். இந்த இரும்புத் தட்டு 29 செ.மீ. என்பதால் பார் 14.5இல் கிடந்தது. அந்த 8 செ.மீ.க்காகக் குனியும்போதுதான் பலருக்குக் கீழ்முதுகு வளைகிறது. பிறகு ‘டெட்லிஃப்ட் முதுகைக் கெடுக்கும்’ என்று பழி பயிற்சியின் மேல் விழுகிறது. தட்டுகளுக்கு அடியில் இருபக்கமும் 8 செ.மீ. உயரத்துக்குக் கனமான மரக்கட்டையைச் சமமாக வைத்தால் இந்தக் குறை தீரும்.

எங்களுக்கு மிகவும் கவலை தந்தது ஸ்டாண்டு. விளம்பரப் படத்தில் இருந்தது நான்கு கால் ரேக், பாரைத் தாங்கும் பாதுகாப்புக் கைகளோடு. வந்தது ஒன்றோடொன்று இணைக்காத இரண்டு தனித் தூண்கள், 1.6 மி.மீ. சுவருள்ள பைப். பாதுகாப்புக் கை கிடையாது. ‘படம் மாடலுக்குத்தான்’ என்று பதில். பார் உட்காரும் கொக்கி 4 செ.மீ. ஆழமே. நம் பக்கத்து வீடுகளில் கழுவிய தண்ணீர் ஓட வேண்டும் என்று சிமெண்ட் தரையை வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். அதில் தனித் தூண் இரண்டும் இரண்டு கோணத்தில் சாயும். களைத்த நிலையில் பாரைத் திரும்ப வைக்கும்போது ஒரு முனை மட்டும் கொக்கியில் ஏறி, மறுமுனை நழுவினால் பிடிக்க எதுவும் இல்லை. ஸ்குவாட்டில் ஆள் எழ முடியாமல் போவது எப்போதோ நடக்கும் அதிசயமல்ல, முறையாகப் பழகினால் ஒருநாள் கட்டாயம் நடக்கும். பாதுகாப்புக் கை இருந்தால் அப்படியே உட்கார்ந்து பாரை அதன்மேல் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். முழுதாக அமரும்போது பார் இறங்கும் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே கையைப் பொருத்த வேண்டும். கொக்கி நெஞ்சின் நடு உயரத்தில் இருக்கட்டும், குதிகாலைத் தூக்கி எடுக்கும்படி வைக்காதீர்கள். பழைய பங்களாக்களில் மரத்தரை இருந்தால், 18 மி.மீ. பிளைவுட் விரித்து அதன்மேல் ரப்பர் பாய் போடாமல் எடையை இறக்கக் கூடாது.

இனி அந்தச் சார்ட். திங்கட்கிழமை ஸ்குவாட் 10 முறை 5 செட் (விடாமல் 10 முறை செய்வது ஒரு செட்), லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது), கடைசியில் டெட்லிஃப்ட் 12 முறை 4 செட். முதல் வாரமே அதிகபட்ச எடை எவ்வளவு என்று சோதிக்கவும் சொல்கிறது. லெக் பிரஸ் மெஷின் செட்டிலேயே இல்லை; எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அட்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தொடை ஓய்ந்த பிறகு 48 டெட்லிஃப்ட் செய்தால் கடைசி இருபது வளைந்த முதுகோடுதான் நடக்கும்.

ஏற்கெனவே மேலுடம்புப் பயிற்சி செய்கிறவர் வாரம் இரண்டு நாள் காலுக்கு ஒதுக்கினால் போதும், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. முதல் இரண்டு வாரம் டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட், 8 முறை 3 செட். இடுப்பும் தொடையும் மடியும் இடம் முழங்காலுக்குக் கீழே இறங்கியும் குதிகால் தரையைவிட்டு எழாமல் இருந்தால் பாருக்கு மாறலாம். அதன்பின் ஒரு நாள் பார் ஸ்குவாட் 5 முறை 3 செட், வாரத்தின் இன்னொரு கால் நாளில் டெட்லிஃப்ட் 5 முறை 2 செட். ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ கூட்டுங்கள், வடிவம் குலைந்தால் கூட்டாதீர்கள். குனிந்து இழுக்கும் பார்பெல் ரோவை டெட்லிஃப்ட் நாளில் வைத்தால் கீழ்முதுகுக்கு இரட்டைச் சுமை, வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம். தட்டையான கேன்வாஸ் ஷூ நல்லது. மார்கழி, தை விடியலில் பார் பனிக்கட்டி மாதிரி இருக்கும். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, வெறும் பாரில் இரண்டு செட் செய்த பிறகே எடை ஏற்றுங்கள். மூடுபனி ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பார் பல வருடம் வரும்.

ஏமாந்தவர்கள் விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, தராசில் எடுத்த போட்டோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 2019 சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க முடியும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

செட் ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் ஒவ்வொரு தட்டிலும் உண்மை எடையைப் பெயிண்டில் எழுதி, ஒத்த எடைகளை ஜோடி சேர்த்து வையுங்கள். ராடை டெட்லிஃப்டுக்குக் குறைந்த எடையில் பயன்படுத்தலாம். சமதரையில் உருட்டிப் பாருங்கள், நடுவில் துள்ளினால் வளைந்துவிட்டது. அந்தத் தனித் தூண்களில் மட்டும் பாரை வைத்து ஸ்குவாட் செய்யவே வேண்டாம். பாதுகாப்புக் கையுள்ள ரேக் கிடைக்கும்வரை டம்பெல் ஸ்குவாட்டையே தொடருங்கள்.