‘உங்களுக்கே உரிய நான்கு கோர்கள்’: மெய்நிகர் சர்வர் வாங்கி ஏமாந்த அனுபவம்

ஓர் இயந்திரத்தை மென்பொருளால் பல பங்காகப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதில் வாடிக்கையாளர்களின் இணையதளங்களை நடத்தி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாக வலைச் செயலிகளை எழுதி வருகிறேன். அவை ஓடும் லினக்ஸ் சர்வர்களையும் நானே பராமரிக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எட்டு மாதங்கள் ஏமாந்தேன். அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை முதல் வாரத்திலேயே உள்ளிருந்தபடி அளந்து பார்த்திருக்க முடியும். அதை நான் செய்யாததால் இழப்பு என் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

தளம் பெரியதன்று. பயிற்சி வகுப்புகளுக்கு மாணவர்கள் பதிவு செய்யும் ஒரு செயலி; ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது, தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ். அந்த நிறுவனத்தின் விலைப்பக்கத்தில் கே.வி.எம். மெய்நிகராக்கம், உங்களுக்கே உரிய நான்கு கோர்கள் (சிபியுவின் கணிப்பு அலகுகள்), 8 ஜிபி நினைவகம், என்விஎம்இ வட்டு (சுழலும் பாகமற்ற, வேகமான சேமிப்பு), ஏழு நாள்கள் வைத்திருக்கப்படும் தினசரி பேக்கப் என்று போட்டிருந்தார்கள். ஓர் இயந்திரத்தில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்ட உதவும் கே.வி.எம். 2007 முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கும் நம்பகமான தொழில்நுட்பம். அதன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஓர் இயந்திரத்தில் உண்மையாக இருக்கும் கோர்களைவிடக் கூடுதலான மெய்நிகர் கோர்களைப் பலருக்கும் பங்கிட்டுத் தருவதும் தவறில்லை. பெரும்பாலான சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதால் அந்தப் பங்கீடு நன்றாகவே நடக்கும். பங்கு போட்டதை ‘உங்களுக்கே உரியது’ என்று சொல்லி, அதற்கான கூடுதல் வாடகையையும் வாங்குவதுதான் தவறு.

இரண்டாவது மாதத்திலிருந்து மாலை நேரங்களில் தளம் திணறத் தொடங்கியது. வழக்கமாக அரை விநாடிக்குள் வரும் பக்கம் ஆறேழு விநாடி எடுத்துக்கொண்டது. புகார் அனுப்பினேன். ‘உங்கள் செயலியின் தரவுத்தள வினவல்கள் சரியாக எழுதப்படவில்லை, அவற்றைச் சரிபார்க்கவும்’ என்று பதில் வந்தது. என் நிரலை நானே சந்தேகித்துத் தேடியபோது, வகுப்புப் பட்டியலில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியரின் விவரத்தைத் தனித்தனி வினவலாக எடுக்கும் ஒரு பிழை இருக்கத்தான் செய்தது. அதை ஒரே வினவலாக மாற்றினேன். கொஞ்சம் வேகம் கூடியது. அந்தச் சிறு முன்னேற்றத்தால், அவர்கள் சொன்னது முழுவதும் உண்மை என்று நம்பிவிட்டேன். அடுத்த மூன்று வாரங்கள் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் சேர்ப்பதிலும், அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில் வைக்கும் கேஷ் அமைப்பதிலும், கோரிக்கைகளைக் கையாளும் வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பதிலும் கழிந்தன. அதிகாலையில் பறக்கும் அதே நிரல் மாலையில் மட்டும் ஏன் தவழ்கிறது என்ற எளிய கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு மாலை, சர்வரின் சுமையை நேரலையில் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்ற இரண்டெழுத்துக்கு முன்னால் 38 என்று நிற்பதைக் கவனித்தேன். ஸ்டீல் டைம் என்பதன் சுருக்கம் அது. நம் மெய்நிகர் கோர் வேலை செய்யத் தயாராக நிற்கிறது. ஆனால் மெய்நிகர் இயந்திரங்களுக்கு வளங்களைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் மென்பொருள் உண்மையான கோரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால் வரிசையில் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருந்த நேரத்தின் விழுக்காடுதான் அந்த எண். நமக்கே உரிய கோர் என்றால் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இதே எண்ணைத் தரும் விஎம்ஸ்டாட் கட்டளையை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பத்து நாள்கள் பதிவு செய்தேன். அதிகாலையில் 1 அல்லது 2. மாலை ஆறிலிருந்து பத்து வரை 25க்குக் கீழே இறங்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த எண்ணை உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குக் காட்டாதபடி ஹோஸ்டில், அதாவது மெய்நிகர் சர்வர்கள் ஓடும் உண்மையான இயந்திரத்தில், அமைத்துவிட முடியும் என்பதால், பூஜ்யம் என்று தெரிந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒரே கோப்பை மணிக்கு ஒருமுறை சுருக்கச் செய்து, எடுத்த நேரத்தைக் குறித்து வந்தால் போதும். அந்த அளவீடு பொய் சொல்லாது. என் சர்வரில் அதிகாலையில் 11 விநாடி எடுத்த வேலை, இரவு எட்டு மணிக்கு 29 விநாடி எடுத்தது.

வட்டின் கதை இன்னும் மோசம். என்விஎம்இ என்று சொல்லப்பட்ட அந்த வட்டில் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியைக் கொண்டு, சிறு துண்டுகளாக எழுதி ஒவ்வொன்றுக்கும் பின் எஃப்சிங்க் செய்து, அதாவது அது வட்டில் நிலையாகச் சேரும்வரை காத்திருந்து பார்த்தேன். ஓர் எஃப்சிங்க்குக்குச் சராசரியாக 17 மில்லி விநாடி ஆனது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் பழைய வகை வட்டு ஒரு சுற்று சுற்றி முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். ஏறத்தாழ அதன் இருமடங்கில் வந்து நின்ற அந்த எண்ணைப் பார்த்ததும், அடியில் இருப்பது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. வட்டு சுழலும் வகையா இல்லையா என்று லினக்ஸ் காட்டும் குறியீட்டை நம்பிப் பயனில்லை. மெய்நிகர் இயந்திரத்தில் அது ஹைப்பர்வைசர் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும்.

இந்த அளவீடுகள் அனைத்தையும் இணைத்துப் புகார் அனுப்பியதும், விவாதம் எதுவும் இல்லாமல் வேறு ஹோஸ்டுக்கு என் சர்வரை மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டீல் டைம் இரண்டு மூன்றுக்கு இறங்கியது. எஃப்சிங்க் 17 மில்லி விநாடியிலிருந்து 0.05க்கு வந்துவிட்டது. நான் மகிழ்ந்து போய் நன்றி சொல்லி மடல்கூட எழுதினேன். அந்த மடலை இப்போது படித்தால் மனம் சுடுகிறது.

எஃப்சிங்க் என்பது ஒரு வாக்குறுதி. ஒரு மாணவரின் பதிவைத் தரவுத்தளம் உறுதி செய்யும்போது, ‘இது நிலையான சேமிப்பில் எழுதப்பட்டுவிட்டது, இந்த நொடியில் மின்சாரம் போனாலும் அழியாது’ என்ற பதில் கீழிருந்து வரும்வரை காத்திருக்கிறது. கே.வி.எம். உடன் பயன்பட்டு, மெய்நிகர் இயந்திரத்துக்கு வட்டு போன்ற சாதனங்களைத் தரும் கெமு மென்பொருளில், வட்டின் கேஷ் முறையை ‘அன்சேஃப்’ (பாதுகாப்பற்றது) என்று வைக்க வழி உண்டு. அப்படி வைத்தால், எழுதி முடிக்கச் சொல்லி உள்ளிருந்து வரும் கட்டளையை ஹோஸ்ட் கண்டுகொள்ளாமல், முடிந்துவிட்டது என்று உடனே பதில் சொல்லிவிடும். தரவு இன்னும் ஹோஸ்டின் நினைவகத்தில்தான் இருக்கும். இயங்குதளத்தை நிறுவுவது போன்ற, பாதியில் அழிந்தாலும் திரும்பச் செய்துகொள்ளக்கூடிய வேலைகளுக்கு அது பயன்படும். வாடிக்கையாளரின் தரவுத்தளம் ஓடும் சர்வருக்கு அதை யாரும் வைக்கக் கூடாது, இவர்கள் வைத்திருந்தார்கள். மின்தடையைத் தாங்கும் மின்தேக்கி கொண்ட தரமான என்விஎம்இ வட்டும் இதே அளவு வேகம் தரும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனாலும் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏழாவது மாதத்தில் ஒரு நள்ளிரவு அவர்களின் ஹோஸ்டுக்கு மின்சாரம் நின்றது. மீண்டும் உயிர் வந்தபோது சர்வர் எழுந்தது, போஸ்ட்கிரெஸ் எழவில்லை. தரவு எதுவரை வட்டில் சேர்ந்தது என்று குறிக்கும், செல்லத்தக்க செக்பாயிண்ட் பதிவைக் காணவில்லை என்ற செய்தியோடு நின்றுவிட்டது. எதையும் தொடுவதற்கு முன் தரவு அடைவு முழுவதையும் அப்படியே வேறிடத்துக்கு நகலெடுத்து வைத்தேன். இந்த நிலைக்கு யாராவது வந்தால் அவர்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். பிஜி ரீசெட்வால் கருவி தரவுத்தளத்தை வலுக்கட்டாயமாக எழுப்பிவிடும், ஆனால் எழும் தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நகலில் ஓட்டிப் பார்த்தேன்: கட்டணப் பதிவு இருந்த இடத்தில் மாணவரைக் காணோம், மாணவர் இருந்த இடத்தில் வகுப்பைக் காணோம். என் தொடர் கேள்விகளுக்குப் பிறகு, ‘வேகத்துக்காகக் கேஷ் அமைப்பு மாற்றப்பட்டிருந்தது’ என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, தினசரி பேக்கப் இருக்கிறதே என்று கேட்டேன். அவர்கள் பேக்கப் என்று சொன்னது, அதே ஹோஸ்டின் அதே வட்டுகளில் வைத்த ஸ்நாப்ஷாட், அதாவது ஒரு கணத்தில் வட்டு இருந்த நிலையின் பதிவு. மூலமும் நகலும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அதுவும் இடம் போதாமல் பல நாள்களாக எடுக்கப்படாமல் போயிருந்தது, யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. திறக்க முடிந்த கடைசி ஸ்நாப்ஷாட்டுக்கு வயது 19 நாள். வாரம் ஒருமுறை பிஜி டம்ப் கருவியால் தரவுத்தளத்தின் நகலை எடுத்து என் கணினியில் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்ததால், இழப்பு ஐந்து நாள்களோடு நின்றது. அந்த ஐந்து நாள் பதிவுகளையும் மாணவர்களுக்குத் தானாகச் சென்ற உறுதி மடல்களின் நகல்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தேன். மடல் சேவை வேறு நிறுவனத்திடம் இருந்தது எங்கள் நல்லூழ். மடல் முகவரியைத் தவறாகத் தட்டச்சு செய்த நான்கு மாணவர்களை மட்டும், அவர்களே வந்து கேட்கும்வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இழப்பீடாக ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒப்பந்தத்தை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அவர்களின் 99.9 விழுக்காடு உத்தரவாதம் சர்வர் இயங்கும் நேரத்துக்கு மட்டுமே, அதாவது முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடங்களுக்கு மேல் நின்றால் மட்டுமே அது பேசும். தரவு அழிவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘உங்களுக்கே உரிய’ என்பதற்குக் கீழே, நியாயமான பயன்பாட்டு விதிக்கு உட்பட்டது என்று சிறிய எழுத்தில் இருந்தது.

இப்போது புதிய சர்வர் எடுத்தால், வாடிக்கையாளரின் தரவு எதையும் ஏற்றாமல் ஒரு வாரம் வெறுமனே ஓடவிட்டு, மேலே சொன்ன அளவீடுகளை இரவும் பகலும் எடுக்கிறேன். வட்டின் கேஷ் முறை என்ன, பேக்கப் வேறொரு கட்டடத்தில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குகிறேன். பதில் தராத இடத்தில் எடுப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் வால் (WAL) கோப்புகள் தொடர்ச்சியாக வேறொரு நிறுவனத்தின் சேமிப்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மாதம் ஒருமுறை, ஒரு முழு நகலோடு அவற்றையும் சேர்த்து வேறொரு இயந்திரத்தில் தரவுத்தளத்தை மீட்டெடுத்து, பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட நிறுவனத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்து செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தரவு, லாக் கோப்புகள், புகார் உரையாடல்கள் அனைத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் மாத இறுதிவரை வாடகை கட்டியிருந்தேன். ஆனாலும் ரத்து கோரிய ஒரு மணி நேரத்துக்குள் சர்வரும் போயிற்று, அந்த ஒரு வரி ஒப்புதல் இருந்த உரையாடல் பக்கமும் போயிற்று. முந்தைய நாள் எடுத்து வைத்த படம் மட்டுமே என்னிடம் மிஞ்சியிருக்கிறது.